சீலிங் காரை பெயர்ந்து விழுகிறதா? கம்பித் துருவைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு சென்னையில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி, 1988-இல் கட்டியது. ஒரு ஐப்பசி மாத ராத்திரி அம்மாவின் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி சீலிங்கிலிருந்து ஒரு பாளம் விழுந்தது. விடிந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கத்தில் கம்பி இருந்த தடம் வாய்க்கால் மாதிரி ஓடியது, தடம் முழுக்கச் செங்காவி நிறத்தில் துரு, ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கிளிஞ்சல். அன்றைக்குத் தளம் போட்ட மணல் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் கிளிஞ்சலே சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம் என்று ஆறேழு வீடுகளில் இந்த வேலையைக் கூடவே இருந்து பார்த்துவிட்டேன். பெரும்பாலும் எல்லோரும் தப்பு செய்வது வரிசையில்தான். முட்டுக் கொடுக்காமல் கொத்துகிறார்கள், கம்பியைப் பார்க்காமல் பூசுகிறார்கள், ஒழுகலை நிறுத்தாமலே எல்லாவற்றையும் முடித்துப் பெயின்டும் அடித்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனால் பழையபடி விழுகிறது. அதனால் கீழே உள்ளதை எழுதியிருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதல் நாள்: ஆட்களை நகர்த்துங்கள்

அந்த அறையில் படுப்பதை அன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலக் கனத்தில் ஒரு பாளம் என்றால் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், அது விழுவது பத்தடி உயரத்திலிருந்து. "விழ வேண்டியது விழுந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் ஆகாது" என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விழுந்த இடத்தின் விளிம்புதான் அடுத்து விழப்போகிறது, ஏனென்றால் அதே கம்பிதான் அந்தப் பக்கமும் ஓடுகிறது.

சீலிங் ஃபேனைக் கழற்றிவிடுங்கள். ஃபேன் கொக்கி தளத்துக்குள் கம்பியோடு சேர்த்துத்தான் மாட்டப்பட்டிருக்கும், கம்பி துருப்பிடித்த இடத்தில் கொக்கி மட்டும் நல்லபடியாக இருக்காது. மெயின் போர்டில் அந்த அறைக்கான எம்.சி.பி. சுவிட்சையும் இறக்கி வையுங்கள். ஒயர் போகும் குழாய் தளத்துக்குள்ளேயே புதைந்திருக்கும், ஓதம் ஏறிய தளத்தில் அதற்குள் தண்ணீர் புகும், அப்புறம் சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச், இல்லையென்றால் இதைச் சாக்காக வைத்தாவது ஒன்று போட்டுவிடுங்கள்.

மாடிக்குப் போய், அந்த அறைக்கு நேர் மேலே என்ன பாரம் இருக்கிறது என்று பாருங்கள். பூந்தொட்டி, மிச்சமான செங்கல், ஓட்டுக் குவியல் எதுவாக இருந்தாலும் நகர்த்துங்கள். ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன், அதைக் காலி செய்து வையுங்கள்.

2. நீங்களே கை வைக்கக் கூடாத இடங்கள்

தளத்தின் அடியில் அங்கங்கே பெயர்வது ஒரு ரகம். பீமிலோ தூணிலோ கம்பி போகிற நீளவாக்கில் விரிசல் ஓடினால், தளம் தொய்ந்து தெரிந்தால், நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு இன்றைக்கு மாட்டினால், விரிசல் வாரத்துக்கு வாரம் வளர்ந்தால் அது வேறு ரகம். இதில் கொத்தனாரைக் கூப்பிடக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லும்வரை உளியைத் தொடவே வேண்டாம்.

பால்கனியிலும் சன்ஷேடிலும் கூடுதல் கவனம் வேண்டும். அறைத் தளத்தில் முக்கியக் கம்பி அடியில் இருக்கும், துருப்பிடித்தால் கீழிருந்து தெரியும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பால்கனியில் முக்கியக் கம்பி மேல்பக்கம். அடியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே மேலே டைல்ஸுக்குக் கீழ் கம்பி தின்னப்பட்டுக்கொண்டிருக்கும், விழும்போது எச்சரிக்கை கொடுக்காமல் மொத்தமாக விழும். பால்கனி சுவரோடு சேருகிற இடத்தில் மேல்பக்கம் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தால் அங்கே நிற்பதையும், துணி காயப்போடுவதையும் நிறுத்துங்கள்.

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் சரிந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை, ஏனென்றால் விரிசலைப் பார்த்த மக்கள் முன்னாலேயே வெளியே வந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நகை, பத்திரம் எடுக்க உள்ளே போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

3. முன்னாலேயே வாங்கி வைக்க வேண்டியவை

ஹெல்மெட், கண்ணாடி, என்-95 மாஸ்க், கையுறை. தட்டிப் பார்க்கக் கால் கிலோ சுத்தியல், சாக்பீஸ், டார்ச், கம்பி பிரஷ், கம்பித் தடிமன் அளக்க வெர்னியர் காலிப்பர். லேப் கெமிக்கல் விற்கிற கடையில், காரம் இருந்தால் நிறம் காட்டுகிற பினாப்தலீன் கரைசல் ஒரு சின்னப் பாட்டில், அதைத் தெளிக்க ஸ்ப்ரே மூடி.

சர்ஜிக்கல் மாஸ்க்கும் முகத்தில் கட்டுகிற துண்டும் இங்கே உதவாது. காங்கிரீட்டைக் கொத்தும்போது வருகிற தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்தூள் துணியைத் தாண்டி உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும், தங்கினால் போகாது. நீங்கள் இரண்டு நாள் சுவாசிப்பீர்கள், கொத்துகிற ஆள் வருஷம் முழுக்கச் சுவாசிக்கிறார். அவருக்கும் சேர்த்து மாஸ்க் வாங்குங்கள், போட வையுங்கள். "பழகிருச்சு சார்" என்றுதான் சொல்வார், விடாதீர்கள்.

4. தட்டிப் பார்த்துப் படம் வரையுங்கள்

இந்த ஒரு படிதான் மொத்தச் செலவையும் தீர்மானிக்கிறது, இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

சீலிங்கில் சாக்பீஸால் ஒரு அடிக் கட்டங்கள் போடுங்கள். நல்ல இடத்தில் ஆரம்பித்து, பெயர்ந்த இடத்தை நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஆடாத சாரத்தில், தட்டுகிற இடத்துக்கு நேர் கீழே நிற்காமல், பக்கவாட்டில் நின்று தட்ட வேண்டும். நல்ல காங்கிரீட் கணீர் என்று கேட்கும், கை கொஞ்சம் எதிர்க்கும். உள்ளே பிளந்திருந்தால் காலிப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்ட கட்டத்தில் எல்லாம் குறுக்குக் கோடு போட்டு, ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, நோட்டில் படமாக வரைந்து தேதி எழுதுங்கள். எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை இரண்டு சதுர அடி, தட்டிப் பார்த்ததில் கெட்டுப்போயிருந்தது முப்பத்தொரு சதுர அடி. கொத்தனார் விலை சொன்னது இரண்டு சதுர அடிக்குத்தான்.

புதிதாகச் செய்கிறவர்கள் ஒன்றில் குழம்புவார்கள். பொத்தென்று கேட்டதெல்லாம் கம்பித் துரு கிடையாது, பூச்சு மட்டும் தளத்தைவிட்டுக் கழன்றிருந்தாலும் அதே சத்தம்தான் வரும். ஓர் இடத்தில் லேசாகத் தட்டி எடுத்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிறக் காங்கிரீட் துருக்கறை இல்லாமல் கெட்டியாக இருந்தால் பூச்சுதான் பிரச்சினை. 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதுக் குடியிருப்பில் கை பட்டதும் சுவர் உதிர்ந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸின் கியூப் மையம் வந்து ஆய்வு செய்ததே, அங்கே எல்லோர் கண்ணிலும் பட்டது பூச்சு. பூச்சும் தலையில் விழுந்தால் ஆபத்துதான், ஆனால் அதற்கு வைத்தியம் சுலபம். கம்பி நீளவாக்கில் விரிசலும் காவிக் கறையும் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

5. ஏன் துருப்பிடித்தது என்று கண்டுபிடியுங்கள்

நல்ல காங்கிரீட்டின் பி.எச்., அதாவது காரத்தன்மையின் அளவு, 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகும், அது இருக்கும்வரை துரு வராது. அதை உடைப்பவை இரண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைப்பது ஒன்று. உப்பு, அதாவது குளோரைடு, இன்னொன்று. படலம் போனபிறகு ஈரமும் காற்றும் பட்டால் துரு. துருவின் பருமன் இரும்பைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை ஊதும், அந்த ஊதல்தான் அடியிலுள்ள காங்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கிறது.

எது காரணம் என்று பார்க்க, புதிதாக உடைத்த இடத்தில் தூளை ஊதித் தள்ளிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பினாப்தலீன் தெளியுங்கள். ரோஜா நிறம் வந்தால் காரம் இருக்கிறது. நிறமே வராவிட்டால் அந்த ஆழம்வரை காரம் போய்விட்டது. பழைய உடைப்பில் தெளித்தால் எப்போதும் நிறம் வராது, காற்றுப்பட்டு மேல்தோல் மாறியிருக்கும், அதைப் பார்த்து முடிவெடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. கம்பியை ஒட்டி நல்ல ரோஜா நிறம் வந்தும் கம்பி துருவாக இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். அப்போது தூள் மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்தில் குளோரைடு அளவு பாருங்கள், பல பொறியியல் கல்லூரிகளில் செய்து தருகிறார்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி வைத்திருக்கிற உச்சவரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு.

கம்பிக்கும் அடிப்பரப்புக்கும் நடுவே எவ்வளவு காங்கிரீட் இருந்தது என்பதையும் அளந்துவிடுங்கள். வறண்ட இடத்துக்கே குறைந்தது 20 மில்லிமீட்டர் கவர் வேண்டும், கடலோரச் சூழலுக்கு அதே ஐ.எஸ். 456 கேட்பது 45. எங்கள் தளத்தில் ஆறு மில்லிமீட்டர்தான் இருந்தது. கம்பியைத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் என்ற சிமென்ட் கட்டைக்குப் பதில் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் சொருகியிருந்தார்கள், காங்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்ததில் அது நழுவிப்போயிருக்கிறது.

காரணம் தெரிவதால் என்ன லாபம்? உப்பு என்றால் கெட்ட இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் நிற்காது. புது ஒட்டுக்குள் கம்பி பத்திரமாக இருக்கும், ஒட்டின் விளிம்பைத் தாண்டிப் பழைய உப்புக் காங்கிரீட்டில் அதே கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால்தான் பூசிய இடத்தைச் சுற்றி வளையம்போட்ட மாதிரி மறுபடி பெயர்கிறது. அந்த விளிம்பில் கட்டுவதற்குத் துத்தநாகக் கட்டிகள் கிடைக்கின்றன, கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். எத்தனை, எவ்வளவு இடைவெளி என்பதை இன்ஜினியர் சொல்லட்டும்.

6. தண்ணீரை நிறுத்துங்கள்

ஈரம் வந்துகொண்டே இருந்தால் எந்த மருந்தும் நிற்காது. மேலே மொட்டைமாடியா, பாத்ரூமா என்று பாருங்கள். பாத்ரூம் என்றால் முதலில் தரை ஓட்டையைச் சுற்றியும் குழாய் இணைப்புகளிலும் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மொட்டைமாடியில் வெளிக்குழாயை அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது வழக்கம். கம்பி கெட்ட தளத்தில் முட்டு இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், இரண்டு அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ. அதே மாதிரி பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்குச் சாந்து போட்டு டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஒரு அங்குலக் கனச் சாந்துக்கும் ஏறக்குறைய அதே ஐம்பது கிலோ பாரம் கூடும், அது நிரந்தரமாக நிற்கும். பழையதை எடுத்து, வாட்டம் சரிபார்த்து, விரிசலை அடைத்து, அப்புறம் வாட்டர்புரூஃபிங்.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் இருந்தால் அதன்மேல் ஏறாதீர்கள், கால் உள்ளே போகும். கழற்ற வேண்டி வந்தால் நனைத்துவிட்டு, உடைக்காமல், போல்ட்டைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். உலர்ந்த தகட்டை அறுத்தால் பறக்கிற கல்நார் இழை புற்றுநோய் வரவைப்பது.

7. கொத்துவதற்கு முன் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்

வீடு கையில் வந்து ஐந்து வருஷம் ஆகவில்லையா? ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருகிற திட்டம் என்றால், பிரிவு 14(3)-இன்படி கட்டுமானக் குறையை நீங்கள் தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். போட்டோ, தேதி, நான்காவது படியில் வரைந்த படம் எல்லாவற்றையும் வைத்து எழுத்தில் தெரிவியுங்கள். முதலில் கொத்திப் பூசிவிட்டு அப்புறம் புகார் கொடுத்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அடுக்குமாடி என்றால் மேல்வீட்டுக்காரரையும் சங்கத்தையும் நேரில் அழைத்துக் காட்டிவிடுங்கள், சண்டை பாதி குறையும்.

8. முட்டுக் கொடுங்கள்

தளத்தின் அடியில் கொத்தினால் கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் உள்ள பிடி கொஞ்ச நாளைக்கு இல்லாமல் போகும். அந்த நேரத்தில் பாரத்தைத் தாங்கத்தான் முட்டு. இரும்பு ஜாக்கியோ சவுக்குக் கம்போ, அடியில் பலகை, மேலே ஒட்டுப்பலகை வைத்து நிறுத்துங்கள். இறுக்கமாகப் பொருந்தினால் போதும், ஜாக்கியைத் திருகித் தளத்தைத் தூக்கப் பார்த்தால் புது விரிசல் விழும்.

மாடி வீட்டில் வேலை என்றால் கீழ்வீட்டிலும் அதே இடத்துக்கு நேராக முட்டு வேண்டும், தரைவரை. இல்லாவிட்டால் மேல்தளத்தின் பாரம் முழுக்க, அதே வயசான கீழ்த்தளத்தில் போய் உட்காரும்.

9. கொத்துங்கள், கம்பிக்குப் பின்னால்வரை

முழு அறையையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். பட்டை பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று. பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதன் அதிர்ச்சி நல்ல காங்கிரீட்டையும் பிளக்கும். உளியும் சுத்தியலும், இல்லாவிட்டால் சின்ன மெஷின்.

கம்பி கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவதுதான் எங்கும் நடக்கிற தப்பு. கம்பியின் முதுகுப் பக்கம் பழைய கெட்ட காங்கிரீட் ஒட்டிக்கொண்டே இருந்தால் துரு அங்கிருந்து தொடரும். கம்பியைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு, பின்னால் சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறவரை கொத்த வேண்டும். நீளவாக்கில், துரு முடிந்து சுத்தமான கம்பி தெரிகிறவரை போக வேண்டும். "சார், இவ்வளவு கொத்துனா தளமே போயிரும், கம்பி வரைக்கும் எடுத்துட்டு ரிச்சா ஒரு பூச்சு அடிச்சா பத்து வருஷம் தாங்கும்" என்று எங்கள் கொத்தனார் சொன்னார். நல்ல மனுஷர், முப்பது வருஷ அனுபவம், அவர் கற்றது அப்படி. முட்டு இருக்கிறதால் பயப்பட வேண்டாம் என்று சொல்லி, இன்ஜினியரையும் அவரையும் பேச வைத்தபிறகு ஒத்துக்கொண்டார்.

பழைய பெயின்டை உலரத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய அடுக்குகளில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தரையில் விழுந்த தூளைக் கையில் தொட்டு வாயில் வைக்கிற வயசுக் குழந்தை இருந்தால் வேலை முடிகிறவரை வேறு வீட்டில் விடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

10. கம்பியைச் சுத்தம் செய்து அளந்து பாருங்கள்

கம்பி பிரஷால் துரு செதில் முழுக்கப் போகிறவரை தேயுங்கள். செதிலோடு அளந்தால் கம்பி தடியாகத் தெரியும், அந்தக் கணக்கு பொய். தேய்த்தபிறகு காலிப்பரை வைத்து, மிகவும் மெலிந்த இடத்தில் அளக்க வேண்டும்.

எட்டு மில்லிமீட்டர் கம்பி ஏழாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர்தானே போயிருக்கிறது என்று தோன்றும். பலம் இருப்பது குறுக்குவெட்டுப் பரப்பில். எட்டின் வர்க்கம் 64, ஏழின் வர்க்கம் 49, ஆகக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விட்டது. இந்த அளவுக்கு வந்துவிட்டால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். கெட்ட பகுதியின் இரண்டு பக்கமும் நல்ல கம்பியோடு, தடிமனைப்போல் ஐம்பது மடங்கு நீளத்துக்கு, அதாவது எட்டுக்கு 40 சென்டிமீட்டர், சேர்த்துக் கட்டுவது சைட்டில் வழக்கம். பழைய கம்பியை வெட்டி எடுக்காதீர்கள்.

புதுக் கம்பியில் கட்டுமானக் கம்பிக்கான ஐ.எஸ். 1786 தர முத்திரை பாருங்கள், எடையும் போட்டுப் பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, பத்து 0.617, பன்னிரண்டு 0.888. நன்றாகக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சுத்தம் செய்த அன்றைக்கே துருத்தடுப்புப் பூச்சு கம்பியைச் சுற்றி, முதுகுப் பக்கமும், இரண்டு கோட் அடித்துவிட வேண்டும். கடலோரத்தில் ஒரு ராத்திரி திறந்து விட்டால் காலையில் மறுபடி செம்மை ஏறிவிடும்.

11. மூடுங்கள்

பழைய காங்கிரீட்டை நனைத்து, மேலே தண்ணீர் மினுமினுப்பு போனதும், புதுச் சாந்தைப் பழையதோடு ஒட்டவைக்கிற பாண்டிங் கோட். அது பிசுபிசுவென்று இருக்கும்போதே சாந்து ஏற வேண்டும், காய்ந்துவிட்டால் ஒட்டவைக்கப் போட்டதே பிரிக்கிற தோலாக மாறிவிடும்.

சாந்துக்குப் பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டர் வாங்குங்கள். ஒரே தடவையில் இரண்டு அங்குலம் அப்பினால் தன் எடையிலேயே தொங்கிக் கழன்றுவிடும், அரை அங்குலமாக அடுக்கடுக்காக ஏற்றுங்கள். மூட்டையில் எழுதியிருக்கிற அளவுக்குமேல் ஒரு குவளைத் தண்ணீர்கூட வேண்டாம். அளவுக் குவளை ஒன்றைக் கலக்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள், கண் அளவில் ஊற்றும் பழக்கம் போகவே போகாது. பெரிய பரப்பு, ஆழமான பள்ளம் என்றால் பலகை அடைத்து, தானே பரவுகிற மைக்ரோ காங்கிரீட் ஊற்ற வேண்டும்.

சிமென்ட் தேவைப்பட்டால் மூட்டையில் தயாரித்த வாரத்தைப் பாருங்கள், மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். எம்-சாண்ட் என்று சொல்லிக் கிரஷர் தூளைத் தள்ளிவிடுவார்கள், கையில் அள்ளித் தேய்த்தால் மாவாக ஒட்டும். உப்புக்கு மணலை நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது, அதிகமான உப்புதான் அதில் தெரியும். கலக்கிற தண்ணீரும் முக்கியம், கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் வரம்பு. கடலோரப் போர் தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றாதீர்கள், குடிதண்ணீர் லாரி வரவழைப்பதே மேல்.

ஜிப்சத்தாலும் பி.ஓ.பி.யாலும் பள்ளத்தை நிரப்ப விடாதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இளகிவிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது அதைவிட மோசம். உதிர்கிற துண்டெல்லாம் அதன் மேலேயே சேரும், நீங்கள் கீழே நிம்மதியாகப் படுத்திருப்பீர்கள், ஒரு நாள் பலகையோடு சேர்ந்து இறங்கும்.

12. நனைப்பதும், முட்டு எடுப்பதும், மறுபடி தட்டுவதும்

ரிப்பேர் மார்ட்டருக்கு எத்தனை நாள் ஈரம் வேண்டும் என்று மூட்டையிலேயே இருக்கும், அதன்படி செய்யுங்கள். சாதாரண சிமென்ட் வேலை என்றால் ஏழு நாள், கடைகளில் அதிகம் கிடைக்கிற பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) என்றால் பத்து நாள். சீலிங்கில் தண்ணீர் நிற்காது, அதனால் ஸ்பிரேயரால் அடித்து, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுங்கள். முட்டை எப்போது எடுக்கலாம் என்பதை இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், அறை வேண்டும் என்று அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். எடுக்கும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள்.

பெயின்ட் ஒரு மாதம் கழித்து அடிக்கலாம். அதற்குமுன் பழைய கட்டங்களை மறுபடி சாக்பீஸால் போட்டு, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, நோட்டில் இரண்டாவது படம் வரைந்துவிடுங்கள். அடுத்த கார்த்திகை மழை ஓய்ந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள், முக்கியமாக ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பைச் சுற்றி ஒன்றரை அடிவரை. எங்கள் வீட்டில் மூன்றாவது வருஷம் ஒரு கட்டத்தில் பொத்தென்று கேட்டது, பூஜை அறைக்கு மேலே, குழாய் இறங்குகிற மூலையில். திறந்து பார்த்தால் கம்பியில் துரு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, அரை நாள் வேலையில் முடிந்துவிட்டது.